நாலு காசு ஏலும் ஆண்டுக்கு மூன்று நூலும்: மதுச்சாலைத் துணைநூல்கள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆராய்ச்சிக்குரிய பொருள்கள் இரு வகைப்படும். பயனுள்ளவை ஒரு வகை. அவற்றை ஏற்கெனவே யாராவது ஆராய்ந்து பட்டம் வாங்கிவிட்டார்கள். பயனற்றவை மறுவகை, எமக்கு எஞ்சியது அதுவே. கற்பனை உலகங்களில் நடக்கும் மேசை விளையாட்டுகளுக்கு என்ன வேகத்தில் புத்தகம் வெளியிட வேண்டும், அவற்றுள் மதுச்சாலை பற்றிய துணைநூலுக்கு உரிய இடம் யாது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

விளையாட்டை அறியாதார் பொருட்டு ஒரு குறிப்பு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் தாங்குவார்கள். "எதிரே பூட்டிய கதவு" என்பார் நடத்துநர். "உடைக்கிறேன்" என்பான் வீரன். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளிக்கொணர்ந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. மூன்று சிறு புத்தகங்கள்; முதல் அச்சு 1,000 பிரதிகள்.

மூன்று புத்தகத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 1975-ல் கிரேஹாக், பிளாக்மூர் என்று இரண்டு துணைநூல்கள் வந்தன. 1976-ல் இன்னும் இரண்டு. ஆக மூலம் மூன்று, துணை நான்கு. குழந்தைக்கு மூன்று வயது நிறையுமுன்பே உரை மூலத்தை விஞ்சிவிட்டது.

2. கருதுகோள்

புத்தகம் எவ்வளவு மெதுவாக வெளிவந்தாலும் ஆட்டம் அதைவிட மெதுவாகவே நடக்கும். ஆட்டம் மெதுவாவதற்குக் காரணம் மதுச்சாலை. ஆகவே ஆட்டக்காரர் வேகத்துக்கு ஒத்து நடக்கும் ஒரே நூல், மதுச்சாலைத் துணைநூல்.

இஃது எவ்வாறெனின், கூறுதும்.

3. மதுச்சாலையின் தோற்றமும் மிகுதியும்

கதைகள் ஏன் மதுச்சாலையில் தொடங்குகின்றன? ஆங்கிலக் கவிஞர் சாசரின் யாத்திரிகர்கள் சதர்க்கில் உள்ள டாபர்ட் விடுதியில் கூடித்தான் கான்டர்பரிக்குப் புறப்பட்டார்கள். டோல்கீனின் ஹாபிட்கள் பிரீ என்னும் ஊரில், துள்ளும் குதிரைக்குட்டியின் பெயர் கொண்ட விடுதியில், மூலையில் முக்காடிட்டு அமர்ந்திருந்த அந்நியனைச் சந்தித்தார்கள். அன்று முதல் இன்றுவரை எந்த மதுச்சாலையின் மூலையும் காலியாக இருந்ததில்லை. முக்காடு போட்ட ஒருவர் அங்கே வேலை தருவதற்காகக் காத்திருக்கிறார்.

உண்மை வரலாறு இதற்கு மாறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1577-ல் வரி விதிக்கும் நோக்கோடு குடிக்கும் இடங்களைக் கணக்கெடுத்தார்கள். பார்லி மதுவாகிய ஏல் விற்கும் கடைகள் 14,202. தங்கும் விடுதிகள் 1,631. வைன் விற்கும் மதுச்சாலைகள் வெறும் 329, அதாவது நூற்றுக்கு இரண்டு. கற்பனை உலகிலோ பத்து வீடுள்ள குக்கிராமத்திலும் ஒரு மதுச்சாலை உண்டு. பள்ளிக்கூடம் இராது, கிணறு இராது, அது மட்டும் தவறாது.

ஆட்ட நூல்கள் இதை முதலிலேயே உணர்ந்துகொண்டன. 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் போதையைப் படிப்படியாக வகுத்து அட்டவணை போட்டது: படி ஏற ஏறத் துணிவு கூடும், அறிவு குறையும். இந்த ஒரு முடிவை எந்த ஆய்வாளரும் இதுவரை மறுக்கவில்லை. கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' கோட்டைக்குள் ஒரு மதுச்சாலையை வைத்து, காதில் விழும் வதந்திகள் இருபதுக்கு ஒரு பட்டியலும் தந்தது. அவற்றில் சில பொய். 'பிரீ-யார்க்' என்று கத்தினால் கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்களின் மொழியில் சரணடைகிறோம் என்று பொருள் என்பது அப்பொய்களுள் புகழ்பெற்றது. அதை நம்பி வாளைத் தாழ்த்தியவர்கள் அடுத்த வாரம் புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

4. மதுச்சாலைப் பொருளியல்

இப்பகுதியே இவ்வாய்வின் நெஞ்சம். பொறுமையில்லாதவர் தாண்டிச் செல்லலாம்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்புப் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு குவளை ஏல் 4 செம்புக்காசு. ஒரு காலன் ஏல் 2 வெள்ளிக்காசு, அதாவது 20 செம்பு. அதே நூலில் வேறொரு பட்டியல், குவளையின் கொள்ளளவு ஒரு பைன்ட் என்கிறது. காலனுக்கு எட்டு பைன்ட். எட்டுக் குவளையாக ஊற்றி விற்றால் 32 செம்பு. கொள்முதல் 20 போக, காலனுக்கு லாபம் 12. குவளைக்கு ஒன்றரைச் செம்பு.

இனிச் செலவு. அதே பதிப்பின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் கணக்குப்படி ஊருக்குள் இருக்கும் விடுதிக்கு ஊழியர் ஆறு பேர். ஒருநாள் பராமரிப்பு 5 பொன், அதாவது 500 செம்பு. ஏல் விற்று மட்டும் இதை ஈடுகட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 334 குவளை ஓட வேண்டும். பத்து வீட்டுக் கிராமத்தில் வீட்டுக்கு முப்பத்துமூன்று குவளை என்றாலும் நாலு குவளை துண்டு விழும்.

அப்படியானால் மதுச்சாலைக்காரன் எப்படிப் பிழைக்கிறான்? வாட்டர்டீப் என்னும் கற்பனை நகரத்து 'யானிங் போர்ட்டல்' மதுச்சாலை இதற்கு விடை தருகிறது. அதன் நடுக்கூடத்தில் பெருங்கிணறு ஒன்று உண்டு. கிணற்றுக்குக் கீழே அண்டர்மவுண்டன் என்னும் பாதாளம். உரிமையாளர் டர்னன் முன்பு அதில் இறங்கிச் செல்வத்தோடு மீண்டவர். அந்தப் பணத்தில் கிணற்றின் மேலேயே கடை கட்டிவிட்டார். கீழே இறக்க ஆளுக்கு ஒரு பொன் கூலி, மேலே தூக்க மறுபடி ஒரு பொன். ஐவர் குழு இறங்கினால் ஐந்து பொன். அன்றைய பராமரிப்பு முழுதும் வந்துவிட்டது. ஐவரும் ஏறினால் ஐந்து பொன் சுத்த லாபம். மூவர் மட்டும் ஏறினால் மூன்று. வாடிக்கையாளர் உயிரோடு திரும்புவதில் உரிமையாளருக்கு உண்மையான அக்கறை இருக்கும் தொழில் இதைவிட வேறில்லை.

இதனாற் பெறப்படுவது: மதுச்சாலை ஏல் விற்றுப் பிழைப்பதன்று. கதை விற்றுப் பிழைப்பது.

5. வெளியீட்டு வேகம்

வேகத்தின் வரலாற்றில் இரு தீவிரங்கள் உண்டு. ஒன்று, அந்த மூத்த பிள்ளையை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் பிற்காலம். 1984-ல் டிராகன்லான்ஸ், 1987-ல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், 1989-ல் ஸ்பெல்ஜாமர், 1990-ல் ரேவன்லாஃப்ட், 1991-ல் டார்க் சன், 1992-ல் அல்-காதிம், 1994-ல் பிளேன்ஸ்கேப், 1995-ல் பர்த்ரைட் என்று உலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. ஒவ்வொரு உலகுக்கும் தனித்தனித் துணைநூல் வரிசை. பிரம்மாவே இந்த வேகத்தில் படைக்கவில்லை. ஒரு உலகத்தை வாங்கியவர் மற்றதை வாங்கவில்லை. விற்காத பிரதிகள் திரும்பி வந்து கிடங்கில் குவிந்தன. 1997-ல் நிறுவனமே விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

மற்றது, ஐந்தாம் பதிப்பின் தொடக்க ஆண்டுகள். 2015, 2016, 2017 ஆகிய மூன்றிலும் ஆண்டுக்கு மூன்றே பெருநூல்கள். முன்பு வேகம் கூடிவிட்டது என்று முணுமுணுத்தவர்கள் இப்போது வேகம் போதவில்லை என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பின் அளவு வெளியீட்டு வேகத்தைச் சார்ந்ததன்று என்பது இதனால் தெளிவாகும். அது நிலையான எண்; இயற்பியலில் ஒளியின் வேகம் எப்படியோ அப்படி.

ஆடும் வேகத்தையும் அளப்போம். பைசோ என்னும் வேறொரு பதிப்பு நிறுவனம் தன் பாத்ஃபைண்டர் ஆட்டத் தொடர்கதைகளை 2007 முதல் மாதம் ஒன்றாக, 96 பக்க இதழ்களாக வெளியிட்டுப் பழக்கியது. ஆறு இதழ் சேர்ந்தால் ஒரு கதை. ஆறு மாதத்தில் 576 பக்கம். வாரம் தவறாமல் கூடும் குழுவுக்கு அந்த ஆறு மாதத்தில் 26 அமர்வு. பாதிப் பக்கம் பின்னிணைப்பு என்று தள்ளினாலும் அமர்வுக்குப் பதினோரு பக்கம் ஓட வேண்டும்.

என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நடத்துநர் பதினோரு பக்கத்தையும் படித்து, டிராகனின் குகைக்கு வரைபடம் போட்டு, டிராகனுக்குக் குரல் பழகி வந்திருக்கிறார். "நீங்கள் எல்லோரும் மதுச்சாலையில் இருக்கிறீர்கள்" என்று தொடங்குகிறார்.

"கடைக்காரர் பேரு என்ன?" என்கிறான் திருடன்.

நடத்துநர் டிராகனின் பாட்டனார் பெயர்வரை எழுதி வைத்திருக்கிறார். கடைக்காரருக்குப் பெயர் வைக்கவில்லை. மேசைமேல் தண்ணீர் பாட்டில் கண்ணில் படுகிறது. "பா... பாட்டிலன்" என்கிறார்.

"பாட்டிலன் அண்ணே, வீட்ல எத்தனை பேரு? அண்ணி எங்கே?" என்று மந்திரவாதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஒன்பது மணிக்கு அமர்வு முடியும்போது பாட்டிலனின் மூத்த மகளுக்கு வரன் பார்த்தாயிற்று. பதினோரு பக்கத்தில் ஒரு வரியும் நகரவில்லை.

6. மறுப்பும் விடையும்

அற்றேல், மதுச்சாலை நூலும் பழசாகிப் போகாதோ எனின், அற்றன்று. விதிநூல் பதிப்பு மாறினால் செத்துப்போகும். மூன்றாம் பதிப்பு 2000-ல் வந்தது. மூன்று ஆண்டு முடிவதற்குள் 3.5 வந்தது, 2008-ல் நான்காம் பதிப்பு, 2014-ல் ஐந்தாம் பதிப்பு, 2024-ல் அதன் திருத்தம். ஒவ்வொன்றும் முந்தையதன் எண்களைச் செல்லாக்காசாக்கியது. மதுச்சாலைக்கு எண் ஏது? எட் கிரீன்வுட்டின் 'வோலோஸ் கைட் டு வாட்டர்டீப்' 1992-ல் வந்தது. கடை கடையாக ஏறியிறங்கி, விலைக்கு நாணயச் சின்னமும் ஆபத்துக்குக் கத்திச் சின்னமும் போட்டு மதிப்பிட்ட நூல்; நடுநடுவே எல்மின்ஸ்டர் என்னும் கிழ மந்திரவாதி புகுந்து "இவன் சொல்வது தப்பு" என்று குறிப்பெழுதுவார். இன்றைக்கும் ஒரு வரி மாற்றாமல் ஆடலாம். 1987-ல் வந்த 'லீவ்ஸ் ஃபிரம் தி இன் ஆஃப் தி லாஸ்ட் ஹோம்' மரத்தின் மேல் கட்டிய விடுதியின் பெயரால் அமைந்தது. ஓட்டிக் என்னும் விடுதிக்காரரின் மசாலா உருளைக்கிழங்குக்குச் செய்முறையும் தருகிறது. பதிப்பு எத்தனை மாறினாலும் உருளைக்கிழங்கு வேகும்.

இன்னும் வலுவான சான்று பிரிட்டனிலிருந்து. கிரேம் டேவிஸ் 1987-ல் வார்ஹாமர் ஆட்டத்துக்கு எழுதிய 'ரஃப் நைட் அட் தி த்ரீ ஃபெதர்ஸ்' ஒரே விடுதியில் ஒரே இரவில் நடப்பது. பல சூழ்ச்சிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கும்; நாயகர்கள் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் அது அதுபாட்டுக்கு நடக்கும். 2018-ல் அதே ஆசிரியர் அதைப் புதுக்கி மறுபடி வெளியிட்டார். 31 ஆண்டு கழித்தும் அந்த விடுதியில் இடம் நிரம்பியது.

இனி, ஆட்டக்காரருக்கே மதுச்சாலையைக் கொடுத்துவிட்டால் ஆசை தீர்ந்து வேலையைப் பார்ப்பார்கள் அல்லவா எனின், அதுவும் அன்று. 2018-ல் வந்த 'வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்' நகரில் 5,00,000 பொன் ஒளித்து வைத்து, தேடச் சொன்னது. கூடவே ஒரு பாழடைந்த மதுச்சாலையையும் நாயகர்கள் கையில் கொடுத்தது. புதையல் கிடந்த இடத்தில் கிடக்க, பெயர்ப்பலகைக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று விவாதிப்பதில் மாலைகள் கழிந்தன. பதிப்பாளர் பாடம் கற்றிருக்க வேண்டும். 2024 திருத்தத்தில் சொந்தக் கோட்டைக்குள் மதுக்கடை வைக்க நாயகர் தம் வளர்ச்சியில் 13-ஆம் படியை எட்ட வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். செத்து நூறாண்டு ஆனவரை எழுப்பும் மந்திரம் குருமாருக்குக் கைகூடுவதும் அதே 13-ஆம் படியில்தான். கடை உரிமம் பெறுவதன் கடினம் எல்லா உலகிலும் ஒன்றே.

7. முடிபு

பதிப்பாளருக்கு: ஆண்டுக்கு மூன்று நூல் என்பது மிகை. ஒன்று போதும், அதையும் யாரும் ஆடி முடிக்கப்போவதில்லை. மதுச்சாலை நூல் பத்தாண்டுக்கு ஒன்று வந்தால் நிறைவு. அதில் விதி ஒன்றும் வேண்டாம். கடைக்காரர் பெயர் இருபது, அவர்கள் வீட்டுக் கவலை இருபது, பாதி பொய்யான வதந்தி இருபது இருக்கட்டும். பகடைக்கும் இருபது முகம். கணக்கு சரியாக வரும்.

வாசகருக்கு: அலமாரியில் பிரிக்காத துணைநூல் மூன்று இருந்தால் நான்காவதை வாங்காதீர்கள். அது மதுச்சாலையைப் பற்றியதாக இருந்தால் மட்டும் இவ்விதிக்கு விலக்கு உண்டு.