புறப்பாட்டுப் பருவம்: பிள்ளைத்தமிழுக்கு ஒரு பிற்சேர்க்கை

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்துக்குப் பருவங்கள் பத்து என்று பாட்டியல் நூலார் வரையறுத்துவிட்டார்கள். குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடிய ஒட்டக்கூத்தர் காலமாகிய பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிள்ளைத்தமிழ்களைச் செய்தருளிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில், புலவர் பெருமக்கள் அவ்வரையறையைப் பெரும்பாலும் மீறாமலே நடந்து வந்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. எஞ்சிய மூன்றில் ஆண்குழந்தை சிற்றில் சிதைத்துச் சிறுபறை கொட்டிச் சிறுதேர் உருட்டும். பெண்குழந்தை நீராடி, அம்மானை ஆடி, ஊசல் ஆடும். இவ்வளவும் நடைபெறும்போது தாயானவள் எங்கே இருக்கிறாள் என்று நுணுகி நோக்கினால், பத்துப் பருவத்திலும் அவள் குழந்தையின் பக்கத்தை விட்டு அகலாமல் இருக்கிறாள் என்பது புலனாகும். காலை எட்டே கால் வண்டியைப் பிடிக்க வேண்டிய தாய் ஒருத்தியேனும் பிள்ளைத்தமிழில் வருவதில்லை.

இக்குறைக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபர சுவாமிகள் துறவி. அப்பெருநூல் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேறியபோது அங்கயற்கண்ணியே சிறு பெண்ணாக வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாள் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. வந்தமர்ந்த குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "நேரமாகிவிட்டது" என்று எழுந்து ஓட வேண்டிய நிர்ப்பந்தம் நாயக்கருக்கு இருக்கவில்லை, காரியாலயம் அவருடையது.

ஆகவே பத்தோடு பதினொன்றாகப் "புறப்பாட்டுப் பருவம்" என்றொன்றைச் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை. தாய் புடவைத் தலைப்பைச் சரிசெய்து ஊசி குத்திக்கொள்வது முதல் வெளிக்கதவின் தாழ்ப்பாள் விழுவது ஈறாக உள்ள சொற்ப நேரமே அப்பருவத்தின் எல்லை.

ஆய்வுக்களம் திருப்பூணித்துறை. பூர்ணத்திரயீசன் கோயிலுக்கும், 2024 மார்ச் 6-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட தெருவொன்றில் ஆராய்ச்சியாளனுடைய மகள் குடியிருக்கிறாள். எர்ணாகுளத்தில் ஒரு காரியாலயத்தில் கணக்கு எழுதுகிறாள். ஆய்வுப் பொருள் அவளுடைய மைந்தன், வயது ஒன்றே முக்கால். ஆராய்ச்சியாளன் பென்ஷன் வாங்குபவனாதலால் கால அவகாசத்துக்குக் குறைவில்லை. உபகரணங்கள் ஒரு சாய்வு நாற்காலியும், முகத்தை மறைத்துக்கொண்டு நோக்குவதற்கு வாய்ப்பான அகலமுள்ள ஒரு தினசரியும்.

இவ்விஷயத்துக்கு இவ்வூரைப்போல் உகந்த ஊர் வேறில்லை. பிரபலமான புறப்பாடு ஒன்றால் பேர்பெற்றது திருப்பூணித்துறை: ஓணத்துக்கு முன் அத்த நட்சத்திரத்தன்று கொச்சி மகாராஜா சர்வாலங்காரத்துடன் பவனி புறப்படுவது வழக்கம், 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் அரசர் பவனி நின்றுபோய், இப்போது அது அத்தச்சமயம் என்னும் ஊரார் விழாவாக நடக்கிறது. மன்னருக்கு முன்னே மேளதாளம் சென்றது. இவளுக்குப் பின்னே அழுகை வருகிறது. மேலும், இங்குக் கோயில் கொண்டவன் சந்தான கோபால மூர்த்தி. பிறந்த பிள்ளைகளையெல்லாம் இழந்து தவித்த ஓர் அந்தணனுக்கு, அர்ச்சுனன் சபதம் செய்தும் முடியாமற்போனதைக் கண்ணன் முடித்துவைத்து, வைகுண்டத்திலிருந்து பத்துக் குழந்தைகளையும் ஒருங்கே மீட்டுக் கொடுத்தான் என்பது தலபுராணம் தழுவும் கதை. கண்ணன் திரும்பினான், அர்ச்சுனன் மானம் பிழைத்தது, அந்தணன் ஆனந்தக் கண்ணீர் சொரிந்தான் என்று புராணம் அவ்வளவோடு மங்களம் பாடிவிடுகிறது. மறுநாள் காலையில் அப்பத்துப் பேருக்கும் பல் விளக்கி, நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி காய்ச்சி, ஆளுக்கொரு கிண்ணத்தில் ஆற்றி ஊட்டியவள் யார் என்பதில் வியாச பகவானுக்குச் சிரத்தை இல்லை.

சட்ட நூலார் வியாசரைவிடச் சற்று மேல் என்று சொல்லலாம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, 12 வாரமாக இருந்த விடுமுறை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரமாயிற்று; அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். இதனைப் பிள்ளைத்தமிழ்க் கணக்கில் பெயர்த்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு நாளையும் முன்னதாகச் செலவழிக்காத தாய்க்கு ஆறு மாதம் கிடைக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரையை அவள் கண்ணாரக் காண்பாள். எட்டு வாரத்தை முன்னதாகச் செலவழித்தவளோ செங்கீரைக்கு முன்பே காரியாலயம் திரும்பிவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் சர்க்கார் தாய்க்கு மனமுவந்து அளித்தவை இரண்டு பருவங்களுக்கு மேலில்லை; மற்றவற்றையெல்லாம் அவள் மாலை ஆறரை மணிக்குமேல் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் அத்திருத்தமே விதித்தது. நம் தாயின் காரியாலயத்தில் ஐம்பது பேர் இல்லை.

இனி பருவத்தின் லட்சணத்துக்கு வருவோம்.

தாய் புறப்படப் போகிறாள் என்பதைக் குழந்தை எவ்வாறு அறிகிறது? புடவையால் அன்று, அதே புடவையை உடுத்து ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குக் கிளம்பும்போது அது சலனமின்றி இருக்கிறது. டிபன் டப்பாவின் ஓசையாலும் அன்று. அப்பாவின் டப்பாவும் அப்படித்தான் ஓசை செய்கிறது, அவர் போவதைப் பற்றி யாரும் அழுவதில்லை. பல நாள் அவதானித்ததில், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையே ஹேது என்று தெளிந்தது. அட்டை எங்கெங்கு உண்டோ அங்கங்குப் பிரிவு உண்டு. அட்டை இல்லாத இடத்தில் பிரிவும் இல்லை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் நையாயிகர்கள் ஆயுட்காலம் வாதிட்டு நிறுவிய வியாப்தியை, பால்பற்கள் முழுமையும் முளையாத ஒரு தார்க்கிகன் கூடத்துத் தரையில் உட்கார்ந்தபடியே நிறுவிவிடுகிறான். இதை உணர்ந்த தாய் அட்டையைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். அதன்பின் கைப்பையைக் கண்டாலே அழுகிறான்.

புறப்படும் முறையில் சம்பிரதாயங்கள் இரண்டு. குழந்தைக்குச் சொல்லிக்கொண்டு, டாட்டா காட்டி, வாசல்வழியே பகிரங்கமாகப் போவது ஒன்று. குழந்தையைக் கொல்லைப்புறத்தில் காக்காய் பார்க்க அனுப்பிவிட்டு ஓசைப்படாமல் நழுவுவது மற்றொன்று. சொல்லிப் போவதே தர்மம் என்று தாய் வாதிப்பாள். நழுவிப் போவதே சௌகரியம் என்பது பாட்டியின் சித்தாந்தம். வைஷ்ணவப் பெரியோர்கள் குரங்குக் குட்டி நியாயம் என்றும் பூனைக் குட்டி நியாயம் என்றும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, தாய் குட்டியைக் கவ்விக்கொள்ள வேண்டுமா என்பது அவர்கள் வழக்கு. பற்றிய குட்டியைப் பிய்த்தெடுத்துவிட்டுத் தாய் எட்டே கால் வண்டியைப் பிடிப்பது எங்ஙனம் என்பது இந்த வீட்டு வழக்கு. நடைமுறையில், சொல்லிப் போகும் நாட்களில் அழுகை முன்னும், நழுவிப் போகும் நாட்களில் அழுகை பின்னும் நிகழ்கின்றன. ஆனால் நழுவிப்போன நாளுக்கு மறுநாள் குழந்தை தாயைக் குளியலறைக் கதவு வரையிலும் விடாமல் தொடர்கிறது. இந்த ஒரு காரணத்தால் ஆராய்ச்சியாளன் தாயின் கட்சி. பாட்டியிடம் இதைச் சொல்லவில்லை.

ஆராய்ச்சியின் மையம் இனிமேல்தான் வருகிறது. அம்புலிப் பருவம் பாடுவது புலவர்க்குக் கடினமான காரியம் என்பர். ஏனெனில் வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வரும்படி சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் அழைக்க வேண்டும். நீயும் எங்கள் குழந்தையும் சமம் என்று இதம் பேசுவது, வந்தால் இன்ன பேறு கிட்டும் என்று ஆசை காட்டுவது, உன்னைவிட எங்கள் குழந்தை உயர்ந்தது என்று தாழ்த்துவது, வாராவிடில் தண்டனை உண்டென்று அச்சுறுத்துவது என்று அவ்வழைப்பு படிப்படியாக ஏறும். வேலைக்குப் போகும் தாயுள்ள வீட்டில் இவ்வுபாயங்களைக் கையாள்பவள் தாயல்லள், குழந்தையே என்பது எமது துணிபு. ஏனென்றால், மாலையில் தோன்றிக் காலையில் மறைகிறவள் தாய், வா என்று அழைக்கப்படுகிறவளும் அவளே, அம்புலி அவள்தான்.

அட்டை கண்ணிற்பட்டவுடன் மைந்தன் சாமத்தில் தொடங்குகிறான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாதாரணமாகக் கெஞ்சினாலும் கிடைக்காத முத்தங்களைக் கஞ்சி ஒழுகும் வாயால் புடவை மடிப்பில் வழங்குகிறான். பலிக்காதபோது தானம்: தான் பாதி கடித்த பழத்தை அவள் வாயில் திணிக்கிறான், அதுவும் போதாதென்றால் தன் ஆஸ்தியிலேயே உயர்ந்ததாகிய காது அறுந்த துணி யானையை அவள் கைப்பையில் செருகுகிறான். அந்த யானை ஒருமுறை தணிக்கையாளர் முன்னிலையில் வவுச்சர்களோடு வெளியே வந்ததாகக் கேள்வி. மூன்றாவது பேதம். சட்டென்று பாட்டியின் தோளில் தாவி ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா வேண்டா, பாட்டி" என்கிறான். நான்கு உபாயங்களிலும் கூர்மையானது இதுவே. புறப்பட்ட தாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்த சந்தர்ப்பங்கள் அனைத்தும் பேதத்தால் விளைந்தவை. தண்டம் இருவகைப்படும். தரையில் மல்லாந்து குதிகாலால் மொசைக்கை உதைப்பது வெளிப்படைத் தண்டம். மற்றொன்று மறைமுகமானது: தாயின் செருப்பில் ஒன்று காணாமற்போவது. இரண்டும் போனால் வேறு ஜோடியை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒன்று மட்டும் போனால் அதைத் தேடுவாள். இந்தச் சூட்சுமம் கௌடில்யருக்குத் தெரிந்திருந்தால் அர்த்தசாஸ்திரத்தில் ஓர் அதிகரணம் கூடியிருக்கும்.

கதவு சாத்தியபின் நிகழ்வது அம்மைந்தனுக்குப் பெருமை சேர்ப்பதன்று. வாசற்கதவின் தாழ்ப்பாள் விழுந்து, தாய் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள். அதற்குள் அழுகை நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொல்லையில் பூனை வந்திருக்கிறதா என்று விசாரிக்கிறான். தாயோ அதை அறியாள். எஸ்.என். ஜங்ஷன், வடக்கேகோட்டை, பேட்டை என்று வண்டி நகர நகர அவ்வழுகை அவள் காதில் வளர்ந்துகொண்டே போய், வைட்டில வருவதற்குள் தொலைபேசியில் அழைத்துவிடுகிறாள். "அம்மா, ரொம்ப அழுதானா?" இக்கேள்விக்கு விடை சொல்வது தர்மசங்கடம். ரொம்ப அழுதான் என்றால் அவள் அன்று எழுதும் கணக்கில் கூட்டல் தவறும்; உடனே நிறுத்திவிட்டான் என்றால், தான் போனது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லையா என்று அதைவிட அதிகமாகத் தவறும். பாட்டியின் விடை தினமும் ஒன்றே: "கொஞ்சம் அழுதான், இப்போ சமாதானமாயிட்டான்." ஒருநாள் ஆராய்ச்சியாளன் கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்த துல்லியமான விவரத்தைத் தெரிவிக்கும் பொருட்டுத் தொலைபேசிக்காகக் கை நீட்டினான். "நீங்க பேப்பரைப் படியுங்கோ" என்ற பதிலே கிடைத்தது.

தாய் பிரியும்போது குழந்தை அழுவதைவிட, அவள் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதே கவனிக்கத் தக்கது என்பர் மேனாட்டார். மேரி ஐன்ஸ்வர்த் என்னும் அறிஞர் பால்ட்டிமோரில், ஒரு தாய் குழந்தையை அறையில் விட்டுச் சில நிமிஷம் வெளியேறித் திரும்பும்படி ஏற்பாடு செய்து ஆராய்ந்தார். ஒரு பிரிவுக்கு அவர் வைத்த உச்ச எல்லை மூன்று நிமிஷம், குழந்தை மிகவும் வருந்தினால் அதற்கும் குறைவு. நமது களத்தில் ஒரு பிரிவு பத்து மணி நேரத்துக்குக் குறைவதில்லை. எனினும் அவர் சொன்ன இடத்தில் நோக்கியதில் பலன் இருந்தது.

மாலையில் கதவு திறந்தவுடன் மைந்தன் ஓடி வருகிறான். தாயிடம் அல்ல, அவளுடைய கைப்பையிடம். டிபன் டப்பாவை வெளியே எடுத்து ஆட்டிப் பார்த்து, யானை வந்திருந்தால் யானையை மீட்டு, எல்லாம் சரியாக இருப்பது தெரிந்த பிறகே தாயின் மடியில் ஏறி அவள் அட்டையைக் கழற்றி எறிகிறான். அவள் சிரிப்பதும், காலையிலிருந்து சேர்த்துவைத்த கேள்விகளையெல்லாம் விடை எதிர்பாராமல் அவனிடம் கேட்பதும், அவன் தன் பாஷையில் பூனை விஷயமாக ஒரு நீண்ட அறிக்கை வாசிப்பதும், அடுக்களையிலிருந்து பாட்டி அதற்குத் திருத்தம் கூறுவதும் அரை மணி நேரம் நடக்கின்றன. பிறகு அவள் முகம் கழுவப் போகிறாள். அப்போது மைந்தன் எழுந்து வாசலுக்குச் சென்று, அவள் விட்ட செருப்பில் இடக்காலுக்குரியதை மட்டும் எடுத்துவந்து, தன் பொம்மை லாரியில் ஏற்றி, கட்டிலுக்கு அடியில் சுவரோரம் வரையில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத் திரும்புகிறான். காலைத் தண்டம் முந்தின மாலையிலேயே திட்டமிடப்படுகிறது என்னும் இவ்வுண்மையை ஆராய்ச்சியாளன் தாய்க்குத் தெரிவிக்கவில்லை. களத்தில் தலையிடலாகாது என்பது ஆய்வு நெறி. பாட்டிக்கு நெறி எதுவும் கிடையாது. ராத்திரி எல்லோரும் படுத்தபின் குனிந்து லாரியை வெளியே இழுத்து, செருப்பை எடுத்துத் துடைத்து, மீட்டர் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, லாரியை மட்டும் முன்பிருந்த இடத்திலேயே திரும்ப நிறுத்துகிறாள்.