அம்மாவின் கைப்பேசியில் அழகிரிசாமி

மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் என்பது கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட மாமா மாதிரி. வரவேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலி மட்டும் கடைசி வரிசையில்தான். 2009-இல் கல்வி அமைச்சு 10 பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்று அறிவித்தபோது அந்த நாற்காலிக்கும் ஆபத்து வந்தது. நம்மவர்கள் கூட்டம் போட்டார்கள், மகஜர் கொடுத்தார்கள். கடைசியில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுக்கிறவர்கள் 12 வரை எழுதலாம் என்று ஆயிற்று. சண்டை போட்டு வாங்கிய அந்தப் பாடத்துக்கு ஆள் பிடிப்பது அதைவிடப் பெரிய சண்டை.

கெடா மாநிலத்துச் செர்டாங்கில் அந்த ஆள்பிடி வேலை என்னுடையது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். சனிக்கிழமை காலையில் சும்மா இருந்தால் வீட்டம்மா ஒட்டடைக் கம்பைக் கையில் கொடுத்துவிடுவார் என்ற பயத்தில் இலவச வகுப்பு ஆரம்பித்தவன். தமிழ்த் தொண்டு என்று மேடையில் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு, பி.கே.பி., வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. இல்லிருப்புக் கற்றல் என்று அதற்குப் பெயரும் வந்தது. எனக்கு கூகல் மீட் வந்தது.

திரையில் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. மாணவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பது ஐதீகம். வருகை எடுக்கும்போது எல்லாக் கட்டமும் "இருக்கேன் சார்" என்று பேசும். "இந்தப் பாத்திரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்ட மறுநொடி, "சார், லைன் போச்சு சார்." லைன் போன பிள்ளை, லைன் போனதை எந்த லைனில் வந்து சொல்கிறது என்று நான் கேட்பதில்லை. அது தத்துவம், பாடத்திட்டத்தில் இல்லை.

உண்மையிலேயே லைன் கிடைக்காத பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஜூன் மாதம் சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத லைன் தேடி மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பேசியது. எங்கள் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் செம்பனை. மட்டையில் வரிசையாக முள். ஏறினவன் இலக்கியம் பேச மாட்டான். வேறு ஏதாவதுதான் பேசுவான். எங்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினார்கள்.

இன்னொரு வினை, நேரம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தொலைபேசி நிறுவனங்கள் தினமும் 1 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தன, காலை 8 முதல் மாலை 6 வரை. ஆனால் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அது அம்மாவோடு தொழிற்சாலைக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்பும். அதனால் என் வகுப்பு இரவு 8 மணிக்கு. கணிதமும் அறிவியலும் இலவச டேட்டாவில் ஓட, கைக்காசு போட்டுப் படித்த ஒரே பாடம் இலக்கியம்.

நாடகத்தை வேஷம் பிரித்து வாசிக்கலாம் என்று ஒரு யோசனை. பாடநூல் 'கவிச்சக்கரவர்த்தி', கு. அழகிரிசாமி கம்பரை நாயகனாக வைத்து எழுதியது. கம்பர் ஒரு தோட்டத்தில், சோழன் தாமானில், புலவர்கள் ரேலாவ் பக்கம். கம்பர் பதில் சொல்லி முடித்த பிறகு மன்னரின் கேள்வி வந்து சேரும். அரசவையில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டார்கள். சோழனின் தம்பி, நான்கு வயது, நடுவில் புகுந்து மைலோ கேட்டான். அவன் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

மீட்டைக் கைவிட்டுப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், குரல்பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். பாடநூல் ஒரு பக்கம் இருக்கட்டும், அதே அழகிரிசாமியின் சிறுகதை ஒன்றைக் கேளுங்கள் என்று 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் துண்டு துண்டாக வாசித்து அனுப்பினேன். கடைசிப் பதிவில் என் மனைவி அடுப்படியிலிருந்து "கேஸ் முடிஞ்சிருச்சு, காதுல விழுதா இல்லையா?" என்று போட்ட சத்தமும் சேர்ந்துவிட்டது. ஒரு மாணவி கட்டுரையில் எழுதினாள்: 'அக்காலத்து எரிவாயுத் தட்டுப்பாட்டையும் ஆசிரியர் நயமாகச் சுட்டுகிறார்.' கதையை முழுதாகக் கேட்டிருக்கிறாள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மதிப்பெண் போட்டேன்.

ஆனால் கதையைக் கேட்டவர்கள் வேறு. கைப்பேசி யாருடையது? அம்மாவுடையது. குரல்பதிவு வந்ததும் அம்மா என்ன செய்வார்? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவார். மகனோ மகளோ கேட்கிறார்களோ இல்லையோ, அடுப்படி முழுக்கக் கேட்கிறது. இது எனக்குத் தெரியவந்தது ஒரு பதில் பதிவில். மாணவன் பெயரில் வந்தது, பாட்டியின் குரல்.

"சார், அந்தப் பொம்பள குடுத்தது சரிதான் சார்."

கதை இதுதான். தீபாவளி நேரம், ஏழை வீடு. ராஜா என்று பெயருள்ள ஓர் அநாதைப் பையன் வாசலுக்கு வருகிறான். அந்த வீட்டுத் தாய், புருஷனுக்கென்று வாங்கிய புதுத்துண்டை அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அடுத்த வீட்டுக்கு நிஜமாகவே ராஜா, அதாவது ஜமீன் மாப்பிள்ளை, வந்திருக்கிறார் என்பது கதையின் இன்னொரு முனை. வர்க்க வேறுபாடு, பெயரின் முரண் என்றெல்லாம் நான் குறிப்பு தயாரித்து வைத்திருந்தேன். அடுப்படிகளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. துண்டுதான் வேண்டியிருந்தது.

ஓர் அம்மா: "குடுக்கட்டும் சார். ஆனா வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

இன்னோர் அம்மா: "கேட்டா குடுக்க விடுவாங்களாக்கா?"

பாட்டி மறுபடி: "பெரட்டுக்குப் போற ஆம்பளைக்குப் பழைய துண்டு போதும். நாங்கல்லாம் தோட்டத்துல இருந்தப்ப என்ன புதுசு கண்டோம்?"

அப்போது ஓர் ஆண்குரல் நுழைந்தது. செம்பனை லாரி ஓட்டுகிறவர். பின்னால் எஞ்சின் சத்தம். "சார், எல்லாரும் துண்டக் குடுங்க குடுங்கன்னு சொல்றாங்க. என் துண்ட எடுத்துக் குடுத்தா நான் கேக்க மாட்டேனா?" குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் மகனின் பதிவு. மீட்டில் எத்தனையோ முறை லைன் போனவன். "அப்பா, உங்ககிட்ட வேற துண்டு இருக்கு. அவன்கிட்ட என்ன இருக்கு?"

அந்த இரவு பதினொரு மணி வரை துண்டு ஓடியது. பக்கத்துக் கூலிமில் நவீன இலக்கியக் களம் என்று ஒரு வட்டம் உண்டு. பெரிய எழுத்தாளர்களே வந்து பேசிப்போகும் இடம். அங்கே கூட ஒரு துண்டுக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருப்பார்களா, சந்தேகம்தான்.

வீட்டிலிருந்து இலக்கியம் படிப்பது ஏதோ கோவிட் கொண்டுவந்த புதுமை என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். 1950-51இலேயே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் கதை வகுப்பு நடத்தினார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த இளைஞர்கள் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதிக் கற்றுக்கொண்டார்கள். மலேசியச் சிறுகதைக்கு எழுத்தாளர்கள் பலர் கிடைத்தது அந்த வகுப்பில்தான். அடுத்து 'தமிழ் முரசு' பத்திரிகையில் ரசனை வகுப்பு என்றே ஒன்றை சுப. நாராயணன் நடத்தினார். அழகிரிசாமியும் 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர்தான். இங்கே பலருக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர். அவர்களிடம் டேட்டா இல்லை, தபால்தான். தபால் தாமதமாக வரும். ஆனால் கேள்வி கேட்டதும் தபால்காரர் மறைந்துபோனதாக வரலாறு இல்லை.

மேலிடத்திலிருந்து எனக்கு வந்த யோசனை வேறு: இணையப் புதிர் போடுங்கள், கதையாசிரியர் யார், அ, ஆ, இ. போட்டேன். அத்தனை பேரும் முழு மதிப்பெண். துண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரியான விடை இருக்கிற இடத்தில் பேச்சுக்கு என்ன வேலை?

எஸ்.பி.எம். தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2021 பிப்ரவரி 22-இல் தொடங்கியது. பிள்ளைகள் எழுதினார்கள், தேறினார்கள், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். புலனக் குழுவைக் கலைக்கலாம் என்று அறிவித்தேன். முதல் எதிர்ப்பு பாட்டியிடமிருந்து.

லாரிக்காரரை ஒரு நாள் ஒட்டுக்கடையில் பார்த்தேன். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கேட்டார்: "சார், அந்தத் துண்டு விஷயத்துல, புருஷங்காரன் கடைசியில என்னதான் சொன்னான்?" கடைசிப் பதிவை அவர் எஞ்சின் சத்தத்தில் தவறவிட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. அழகிரிசாமியின் தொகுப்பையே கையில் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

புத்தகம் திரும்பவில்லை. கேட்டால், பையனின் அம்மா எடுத்து வைத்திருக்கிறாராம். அம்மாவைக் கேட்டால், மாமியாரிடம் இருக்கிறதாம். மாமியாரைக் கேட்டால், செலாமாவில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். செலாமா, ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராக். மாநிலம் விட்டு மாநிலம் போக போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்த நேரம் அது. என் புத்தகம் எப்படிப் போனது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.