லேத் இருந்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பி, கார்பைனில் போட்டு மான் வேட்டையாடுகிறார்களாமே! கும்மிடிப்பூண்டியில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? நாமும் செய்தால் என்ன?

பதில்: பட்டறைக்குப் பஞ்சமில்லை, சட்டத்துக்கும்தான். நீண்ட குழலில் வாயு அதிக நேரம் உந்துவதால், அதே தோட்டா கார்பைனில் கூடுதல் வேகம் பெறும் என்பது உண்மை. ஆனால் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959 ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவு தடுக்கிறது. மான் வேட்டையையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9வது பிரிவு தடுக்கிறது. ‘பயிரை மேய்கிறதே’ என்பீர்கள். அதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்கிறது 11வது பிரிவு. தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்பதும் அதே பிரிவுதான். ஆனால் புள்ளிமான் துரத்தித் துரத்திக் கடித்ததாகத் திருவள்ளூர் கோர்ட்டை நம்பவைக்க, நல்ல தோட்டா போதாது, நல்ல வக்கீல் வேண்டும்!