சாம்பல் தூவலும் மழை வருகையும்: வில்லியனூர், பாகூர்க் கொல்லைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவுகளில், வீட்டுக்குப் பின்னால் நாலு புடலைக் கொடியும் பத்துக் கத்தரிச் செடியும் வைத்திருப்போர், வானிலை குறித்து இருவகை அறிவைச் சார்ந்து வாழ்கின்றனர். ஒன்று, வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பு. மற்றொன்று, செடியின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினால் அன்றே மழை வரும் என்னும் அனுபவ அறிவு. கொல்லைப்புறத்தில் இரண்டாவதற்கே மதிப்பு அதிகம்.

இவ்வறிவை வசதி கருதிச் 'சாம்பல் விதி' எனக் குறிக்கலாம். இளந்தளிரில் கூட்டமாக அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினி என்னும் சிறு பூச்சி அவரையில் தென்பட்டதும், பனி ஈரம் காயாத விடியற்காலையில் இலைமேல் சாம்பல் தூவுவது வழக்கம். அது ஒட்டி நின்று வேலை செய்ய ஒரு நாள் காய்ச்சல் இருந்தால் போதும், ஆனால் அந்த ஒரு நாளைத்தான் வானம் தருவதில்லை. இதற்குத் துணைவிதிகளும் உண்டு: யூரியா வைத்தால் வேரோடு அடித்துப் போகும்படி பெய்யும், மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டால் தூறும், மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் வெயில் கொளுத்தும். கடைசி விதி தோட்டவியலைச் சேர்ந்ததன்று என்பார் உளர். விடுமுறையில் பந்தலடியில் பந்து விளையாடும் பிள்ளைகளை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

இவ்விதியை மறுப்போர் வெப்பச்சலன மழையைச் சுட்டுவர். ஆடி, ஆவணி மாதங்களில் பகல் வெயிலால் சூடேறி மேலெழும் காற்று, ஈரமான கடற்காற்றோடு சேர்ந்து இடிமேகமாகத் திரண்டு, மாலைக்கு மேல் மேற்கிலிருந்து கடற்கரை நோக்கி நகர்வதும், அம்மேகத்தின் பரப்பு சிறிதென்பதால் வில்லியனூரில் கொட்டிவிட்டுப் பாகூரில் புழுதியைக்கூட நனைக்காமல் போவதும் இயற்கையே என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், ஆனால் அது புடலைக்கு ஆறுதல் தருவதாக இல்லை. ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்த வெள்ளைப் புடலம்பூ பொழுது சாய்ந்த பின்னரே விரிகிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சி ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய அதே வேளையில் இடிமழை இறங்குவதால், மகரந்தம் கரைந்துபோய், பெண்பூவின் அடியில் இருந்த பிஞ்சு சில நாளில் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. வானம் நேரம் பார்த்தே வருகிறது என்னும் கொல்லைப்புறக் கருத்தை, ஆகவே, வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

சாம்பல் விதிக்குப் பெரும் சோதனையாக அமைந்தது 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல். புயலாக வலுப்பெறாது எனக் கருதப்பட்டு, பின்னர் புயலாகவே ஆகி, நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தும் நகர மனமின்றி அங்கேயே நின்றதால், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது, ஆண்டு முழுவதற்குமான சராசரியே 130 செ.மீ. அளவுதான். தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. ஆடியில் ஊன்றி, கார்த்திகையில் மொட்டு வைத்திருந்த அவரைப் பந்தல்கள் பூப்பதற்கு முன்பே சாய்ந்தன. அந்நாளில் சாம்பல் தூவியவர் எவருமில்லை, ஏனெனில் பல வீடுகளில் அடுப்பே எரியவில்லை. எனவே சாம்பல் மழைக்குப் போதுமான காரணமாக இருக்கலாமே அன்றி, தேவையான காரணம் அன்று என்பது நிறுவப்படுகிறது.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை மதித்தும், அதை முழுக்க நம்பாமலும், புடலை, பாகல் விதைகளில் பாதியை ஆடியில் ஊன்றி, மீதியைத் தைப் பட்டத்துக்கு எடுத்துவைப்பதே இப்பகுதிக்குப் பொருந்தும் முறை. கத்தரி நாற்றை மட்டும், கார்த்திகை அடைமழை ஓயும்வரை, யார் சொன்னாலும் பிடுங்கி நட வேண்டாம்.