ஐந்து மணிக்கு எழுந்தவர்

கேள்வி: 'ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்' என்று மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். 'அப்படியா, இப்போது உடம்புக்கு என்ன?' என்கிறார். நக்கலா?

பதில்: நக்கல் இல்லை, அக்கறை. 'ஒரு காலத்தில் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது விட்டுவிட்டேன்' என்றல்லவா நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்! 'யூஸ்டு டு' கைவிட்ட வழக்கத்துக்குத்தான். இன்றும் எழுகிறீர்கள் என்றால் 'ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்' போதும்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தமிழில் 'ஐந்து மணிக்கு எழுவேன்' என்ற ஒரே வினைமுற்று மூன்று வேலை பார்க்கிறது. 'அப்போதெல்லாம்' சேர்த்தால் பழங்கதை. 'தினமும்' சேர்த்தால் பழக்கம். 'நாளையிலிருந்து' சேர்த்தால், வழக்கம்போல, பொய். ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது.

இன்னொரு வம்பும் உண்டு. இடையில் 'ஆம்' நுழைந்தால் பொருளே மாறிவிடும். 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்' என்றால், அது எனக்குப் பழகிப்போய்விட்டது, சிரமமில்லை என்று அர்த்தம். அங்கே 'கெட்' போதாது, 'கெட்டிங்' வேண்டும்.

மேலாளர் போகட்டும், சமாளித்துக்கொள்ளலாம். திருமண நாள் வாழ்த்து அட்டையில் மட்டும் 'ஐ யூஸ்டு டு லவ் யூ' என்று எழுதிவிடாதீர்கள்.