மதர்போர்டு லட்சணம்: ஒரு சுழி ஆராய்ச்சி

ஆய்வுப் பொருளுக்குப் பெயர் சூட்டுவதிலேயே முதல் சிக்கல். நூலோர் இதைத் தாய்ப்பலகை என்பர். சென்னை ரிச்சி தெருவில் நின்று தாய்ப்பலகை கேட்டால் தச்சுப் பட்டறைக்கு வழி சொல்லிவிடுவார்கள் என்பதால், கள ஆய்வின் நலன் கருதி இக்கட்டுரை முழுவதும் 'போர்டு' என்றே வழங்குகிறோம்.

முறையியல் என் தாத்தாவுடையது. மாட்டுச் சந்தையில் அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பிறகு தரகரை அதட்டி நாலு எட்டு நடக்கவிடச் சொல்வார். மூன்றும் தேறினால்தான் துண்டுக்கடியில் கை போகும். போர்டுக்கும் இது பொருந்தும் என்பது நம் துணிபு. ஒரே இடர், இந்த மாட்டை நடக்கவிட முடியாது. பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றும் கூடினால்தான் அது எழுந்தே நிற்கும். ஆகவே பல்லும் சுழியும் மட்டுமே பிரமாணம்.

முதலில் பல். ஒரு காலத்தில் பின்கள் பிராசசரின் அடிவயிற்றில் இருந்தன. வளைந்தால் பழி பிராசசருக்கு. 2004-இல் இன்டெல் எல்ஜிஏ 775 சாக்கெட் கொண்டுவந்து பின்களைப் போர்டின் வாய்க்குள் நட்டது. 2022-இல் ஏஎம்5 வழியாக ஏஎம்டியும் அதே வழிக்கு வந்தது. எல்ஜிஏ 1700 என்றால் 1700 பற்கள். ஒன்று கோணினாலும் ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போகலாம், மொத்தமாகவே எழாமலும் போகலாம். பார்க்கும் விதி: பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நாற்று நட்ட வயல்போல வரிசை ஒரே சீராக மின்ன வேண்டும். நான் அப்படிக் குனிந்திருந்தபோதுதான் கடைத் தம்பி சொன்னான்: "சார், கேப் கழட்டிட்டீங்க. இனிமே ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்." ஆய்வுக்கு விலை உண்டு என்று அதை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்து வயிறு. எஸ்எம்பிஎஸ் போடும் தீனி 12 வோல்ட். பிராசசர் கேட்பதோ ஏறக்குறைய 1.2 வோல்ட். இடையில் அசைபோட்டுத் தருவது விஆர்எம் என்னும் பகுதி. 120 வாட் இழுக்கும் பிராசசருக்கு 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர் தேவை. வீட்டில் ஒன்றரை டன் ஏசி எடுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். இவ்வளவும் உள்ளங்கை அகலத்தில் நடக்கிறது. அதன்மேல் கனமான அலுமினியம் உட்கார்ந்திருந்தால் நல்ல சாதி. மொட்டையாக இருந்தால் எளிய பிராசசர் கட்டலாம், பெரியதைக் கட்டினால் கோடையில் மூச்சு வாங்கும். பழைய போர்டு வாங்குவோர் கெபாசிட்டரின் தலையையும் தடவிப் பார்க்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் மட்டமான கெபாசிட்டர்கள் உலகெங்கும் உப்பி வெடித்த வரலாறு உண்டு.

அளவு பற்றி ஆராயப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. குழந்தைக்கும் தெரியும்.

சுழியில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஒளிவாதிகளுக்கு வண்ண விளக்கு ராஜசுழி. நம் கட்சியில் அது சுழியே அல்ல, கொம்புக்கு அடித்த பெயின்ட். மெய்யான சுழிகள் கண்ணுக்கு எளிதில் படா. பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கான நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும். இரண்டாவதற்குள் எட்டிப் பார்த்தால் கால்வாசிக்கு மட்டும் உலோகப் பல் இருக்கும், மீதி வெறும் ஈறு. ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் தொடுமுனை 288தான், வெட்டுதான் இடம் மாறியிருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய ரேமை நம்பிப் போனவர்கள் இங்கே கவிழ்வார்கள்.

எல்லாவற்றிலும் கொடிய பாடைச்சுழி பயாஸ். 12ஆம் தலைமுறை இன்டெல் காலத்தில் செய்து அலமாரியில் தூங்கிய போர்டு, 13ஆம் தலைமுறை பிராசசரைப் பார்த்து யார் நீ என்று கேட்கும். அறிமுகப்படுத்த பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். அப்டேட் செய்ய அதற்குத் தெரிந்த பழைய பிராசசர் ஒன்று வேண்டும். பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் முதுகில் உண்டு. விளக்குக்குக் கொடுக்கும் காசை இந்தப் பொத்தானுக்குக் கொடுக்கலாம்.

இவ்வளவையும் ஒன்றரை மணி நேரம் சோதித்து, தம்பி இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்த பிறகு, மாசு மருவற்ற ஒரு போர்டைத் தேர்ந்து பில் போட்டேன். பற்கள் 1700-ம் சீர். வயிறு திடம். பொத்தான் உண்டு.

வீட்டில் என் கேபினெட் மைக்ரோ ஏடிஎக்ஸ். போர்டு 61 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூடி கழற்றிய போர்டு என்பதால் ரிட்டர்ன் கிடையாது. கேபினெட் லட்சணம் குறித்த அடுத்த கள ஆய்வுக்குச் சனிக்கிழமை புறப்படுகிறேன், இம்முறை அளவு நாடாவுடன்.