அப்பா படுத்த பலகை

1986-இல் எங்கள் வீட்டில் இரண்டு இடுப்புகள் பிடித்துக்கொண்டன.

முதலில் அப்பாவுடையது. ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குக் கிளம்பியவர், சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கக் குனிந்தார். நிமிரவில்லை. டாக்டர் அன்றைய வேதத்தை ஓதினார்: மெத்தை ஆகாது, வெறும் பலகை, மூன்று வாரம், மல்லாக்க. கோவில்பதாகையில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். வந்த சாத்துக்குடியில் முக்கால்வாசி எனக்கு.

பத்தாம் நாள், அவருக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்த அம்மாவுக்கு அடிபம்பில் பிடித்துக்கொண்டது. அவளுக்கு மெடிக்கல் லீவு தர யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா கால் முன்னே வந்து பிறந்தவள். அதனால் தெருவின் சுளுக்கெல்லாம் அவள் காலுக்குத்தான் சொந்தம். அம்மாவைக் குப்புறப் போட்டு லேசாக மிதித்தாள், உலக்கையை உருட்டினாள், தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். "ஒண்ணுமில்லடி, எழுந்து வேலையப் பாரு." நான்காம் நாள் அம்மா பாதிக் குடத்தோடு வாசலேறினாள். பலகையிலிருந்து அப்பா, "பாத்து, மெதுவா" என்று அக்கறையோடு சொன்னார்.

அதே 1986-இல் அமெரிக்காவில் டேயோ என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், இடுப்புவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை 2 நாள், மற்றவர்களை 7 நாள் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குறைவாகப் படுத்தவர்களே சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். 1995-இல் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை: படுத்தவர்களையும் தேகப்பயிற்சி செய்தவர்களையும் விட, தாங்குகிற அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆயாவை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

இப்போது என் முறை. ஏரியை வைத்துக்கொண்டு கேன் தண்ணீர் வாங்குகிற ஊராகிவிட்டோம். 20 லிட்டர் கேன், அதாவது 20 கிலோ. குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பி ஸ்டாண்டில் கவிழ்க்கப் போனேன். ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் உள்ளே ஏதோ முறுக்கியது. கேன் உருண்டது, நான் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பலகை கிடைக்கவில்லை, ஸ்கேன் கிடைத்தது. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக அதில் எழுதியிருந்தது. "ஐம்பது வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் இது இருக்கும் சார். உங்களுக்குச் சுளுக்கினது லிகமென்ட்" என்றது பிசியோதெரபிப் பெண். எலும்பை எலும்போடு கட்டுகிற நார் அது. சுமையோடு குனிந்து திரும்பினால் அளவுக்கு மீறி இழுபடும். உடனே சுற்றியுள்ள தசைகள் காவலுக்கு இறுகிக்கொள்ளும். ஆளை வளைத்துப் போடுவது பெரும்பாலும் அந்தக் காவல்தான். நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறச் சில வாரமாகும். ஒத்தடம் கொடுக்கலாம், வலி விடுகிற அளவுக்கு நடக்கலாம். உலக்கையும் மிதியும் கூடாது. கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"நடக்கச் சொன்னாங்க."

"அதுக்கு எவ்ளோ?"

சொன்னேன். பதில் பேசாமல் தவிட்டை வறுக்கப் போனாள். அப்பா இப்போது இல்லை; பலகை பரணில் இருக்கிறது.

மறுநாள் கேன்காரத் தம்பி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். நான் சுவரைப் பிடித்து எழுவதற்குள், எழுபது தாண்டியவள் மூடியைக் கழற்றி, கேனைத் திண்ணை ஓரமாகச் சாய்த்து, செம்பு செம்பாகப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"பாத்து, மெதுவா" என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, காலிச் செம்பை என் கையில் கொடுத்தாள்.